நாமும் நாங்களும்: அறிவியல் புதினங்களில் வேற்றுலகினரும் எடுத்துரைப்பு நோக்குநிலையும்

அறிவியல் புனைகதை பற்றித் தமிழில் எழுந்துள்ள திறனாய்வுகள் பெரும்பாலும் அதன் பொருளைப் பற்றியனவாகவே அமைந்துள்ளன. கூறப்படும் அறிவியல் பொருந்துமா, வருவதுரைத்தல் பலித்ததா என்னும் வினாக்களே முதன்மை பெறுகின்றன. கதையை யார் கூறுகிறார், யாருக்குக் கூறுகிறார், ‘நாம்’ என்று அவர் சொல்லும்போது அச்சொல்லுக்குள் யார் அடங்குவர், யார் அடங்கார் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. வேற்றுலகினரின் உடலையும் உணவையும் ஊரையும் வருணிக்கும் பகுதிகளைக் காட்டிலும், கூறுவோனின் தன்மைப் பன்மையிலும் அவர்களைச் சுட்ட அவன் தேரும் படர்க்கைச் சொல்லிலுமே அவர்தம் பண்பாடு புதினத்தில் உருப்பெறுகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து. ஆங்கிலத்தில் இவ்விரண்டும் ஓரளவு மறைந்து நிற்கக் கூடியவை. தமிழிலும் தெலுங்கிலும் அவை தொடக்கத்திலேயே வெளிப்பட்டுவிடுகின்றன. ஆங்கில ஆசிரியர் பல பக்கங்களுக்கு ஒத்திவைக்கத்தக்க ஒரு முடிவைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் முதல் பக்கத்திலேயே எடுக்க வேண்டியவராகிறார்.

சித்தூர், திருப்பதி வட்டாரத்தை இவ்வாய்வுக்கு உரைகல்லாகக் கொண்டமைக்குக் காரணம் உண்டு. வீட்டில் தமிழும் வெளியில் தெலுங்கும், அல்லது மாறியும், வழங்குவோர் இங்குப் பலர். குப்பத்துப் பக்கம் சென்றால் கன்னடமும் சேர்ந்துகொள்ளும். ஒரே ஆங்கிலத் தொடர் இம்மொழிகளில் எவ்வெவ்வாறு பிளவுபடுகிறது என்பதைக் காண இதனினும் ஏற்ற இடம் அரிது. ஈண்டு எடுத்துக்கொண்ட புதினங்களின் தமிழாக்கங்களை மதிப்பிடுவது நோக்கமன்று. மொழிபெயர்ப்பாளரின் மேசையில் எழும் சிக்கலே ஆராயப்படுகிறது.

வேங்கடத்துக்கு அப்பால்

தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வட எல்லையாக வேங்கடத்தைக் கூறும். அவ்வேங்கடமே இன்றைய திருமலை. சங்க அகப்பாடல்களில், சிறப்பாக மாமூலனார் பாடல்களில், வேங்கடத்துக்கு அப்பாற்பட்ட நிலம் ‘மொழிபெயர் தேயம்’ எனப்படுகிறது. மொழி வேறுபடும் நாடு என்பது அதன் பொருள். இன்று மொழிபெயர்ப்பு என்று நாம் வழங்கும் சொல்லின் பழைய உறவினை அத்தொடரில் காணலாம்.

அந்நாட்டை அப்பாடல்களில் காண்பவர் யார் என்பதே நமக்கு வேண்டிய வினா. பொருள்வயிற் பிரிந்த தலைவன் அங்குச் சென்றுள்ளான். ஆனால் அதனைக் கூறுபவர் பெரும்பாலும் இல்லிலிருக்கும் தலைவியோ தோழியோ ஆவர். சென்றவன் சொல்வதில்லை, சொல்பவள் சென்றதில்லை. எனவே அயல்நாடு கேள்வியாகவும் அச்சமாகவும் மட்டுமே பாடலுக்குள் நுழைகிறது. அகப்பாட்டொன்று வடுகரின் பேச்சையும் அவர்தம் சினமிக்க நாய்களையும் ஒரே அடைத்தொடரில் அடக்கிவிடுகிறது. வடுகர் தம்மைக் குறித்து என்ன கூறுவர் என்பதற்கு அங்கு இடமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய வேற்றுலகப் புதினங்கள் பலவற்றின் அமைப்பும் இதுவே. இல்லத்தில் இருந்தபடி அயலாரைப் பார்க்கும் பார்வையை நாம் மேனாட்டிலிருந்து கற்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

வேங்கடத்தின் இருபுறமும் இன்று ஒரே தெருவில் வாழ்கின்றன. தமிழர் தெலுங்கரை வடுகர் என்றனர். தெலுங்கர் தமிழை அரவம் என்றனர். இரண்டும் மற்றவர் இட்ட பெயர்கள். எல்லையோ பலமுறை இடம் மாறியுள்ளது. 1911-இல் சென்னை மாகாணத்துள் சித்தூர் மாவட்டம் உருவாயிற்று. 1953-இல் அது ஆந்திர மாநிலத்தின் பகுதியாயிற்று. 1960-இல் திருத்தணி தமிழகத்துடன் சேர்ந்தது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தனர். அவர்கள் கூறும் தன்மைப் பன்மையின் உறுப்பினர்தாம் மாறினர்.

மொழிவாரி மாநிலக் கிளர்ச்சிக் காலத்தில் எழுந்த ‘மதராஸ் மனதே’ என்னும் தெலுங்கு முழக்கம் இலக்கண நோக்கில் ஆராயத்தக்கது. தெலுங்கில் கேட்போரை உளப்படுத்தும் தன்மைப் பன்மை ‘மனமு’, உளப்படுத்தாதது ‘மேமு’. முழக்கம் உளப்படுத்தும் வடிவிலேயே அமைந்தது. தெலுங்கர் தெலுங்கரை நோக்கிக் கூறியது ஆதலின் அது முறையே. ஆயினும் அதே தெருவில் நின்று அதனைக் கேட்ட தமிழர் அவ்வடிவத்துள் சேர்க்கப்படவில்லை. உளப்படுத்தும் சொல்லே வேலியாகவும் நிற்கக் கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று புனைகதையில் கிடைப்பது அரிது. தமிழர் பக்கத்து மறுமொழியான ‘வேங்கடத்தை விடமாட்டோம்’ என்பதில் எழுவாயே இல்லை. ‘விடமாட்டோம்’ என்ற முற்று நாம் என்பதற்கும் பொருந்தும், நாங்கள் என்பதற்கும் பொருந்தும்.

இவ்வேறுபாடு மொழிபெயர்ப்பாளருக்குப் பெரிதும் உதவுவது. நன்னூலார் காலத்தில் தன்மைப் பன்மை விகுதிகள் முன்னிலையாரை உளப்படுத்துவன, படர்க்கையாரை உளப்படுத்துவன எனப் பிரிக்கப்பட்டன. ஓகாரம் பெற்ற விகுதி பின்னதில் அடங்கிற்று. இன்றோ ‘-ஓம்’ ஒன்றே இரண்டிற்கும் பொது. தெலுங்கிலும் வினைமுற்றில் வேறுபாடு இல்லை. எனவே எழுவாயை விடுத்து வினைமுற்றை மட்டும் நிறுத்தினால் ஆங்கிலத்தின் மழுக்கம் அப்படியே கிட்டும். இவ்வுத்தி நெடுந்தொலைவு செல்லாது. நமது, எங்கள் என்னும் வேற்றுமை வடிவங்கள் வந்தவுடன் மறைவு கலைந்துவிடும். இன்றைய கன்னடத்தில் ‘நாவு’ ஒன்றே உள்ளமையால் குப்பத்துக் கன்னட மொழிபெயர்ப்பாளருக்கு இத்தொல்லை இல்லை. இத்தொல்லையால் விளையும் ஆதாயமும் இல்லை.

வெல்சின் ‘நாம்’

எச். ஜி. வெல்சின் ‘உலகங்களின் போர்’ (1898) செவ்வாய்க் கோளினர் இங்கிலாந்தின்மீது படையெடுத்த கதை. கூறுபவர் பெயர் சுட்டப்படாத ஓர் ஆங்கிலேயர். செவ்வாயினர் நம்மோடு ஒருசொல்லும் பேசுவதில்லை. அவர்தம் நோக்குநிலை எங்கும் திறக்கப்படுவதில்லை. எனினும் முதல் இயலிலேயே ஆசிரியர் ஒரு திருப்பம் செய்கிறார். செவ்வாயினரைக் கொடியோர் எனத் தீர்ப்பிடுமுன் நம் இனம் விலங்குகளுக்கும் பிற மனிதருக்கும் செய்த அழிவை நினைக்க வேண்டும் என்று கூறி, ஐரோப்பியக் குடியேறிகளால் தாசுமேனிய மக்கள் அழிக்கப்பட்டதை எடுத்துக்காட்டுகிறார். (அம்மக்கள் முற்றும் அழிந்தனர் என அவர் எழுதியது பிழை; அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர்.)

இவ்விடத்தில் ஆங்கிலத் தன்மைப் பன்மையைத் தமிழில் எவ்வாறு தருவது? ‘நாம்’ என்றால் திருப்பதியில் இதனைப் படிக்கும் தமிழ் வாசகரும் தாசுமேனியப் படுகொலையில் பங்காளராகிறார். 1898-இல் சித்தூர் வட்டாரம் அதே பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது என்பதை நினைத்தால் அது வரலாற்றுக்குப் பொருந்தாத பழி. ‘நாங்கள்’ என்றால் அது ஓர் ஆங்கிலேயரின் குற்ற ஒப்புதலாகும். வாசகர் அவர் எதிரே நின்று அதைக் கேட்பவராவார். ஆனால் மனித இனம் முழுவதும் ஒருபுறம், செவ்வாயினர் மறுபுறம் என்னும் புதினத்தின் அடிப்படை எதிர்நிலை அப்போது உடைந்துபோகும். அடுத்த பத்தியிலேயே மனித இனத்துக்கு வரும் இடர் பேசப்படுவதால் ‘நாம்’ மீண்டும் தேவைப்படும்.

என் கருத்து, இரண்டையும் மாற்றி மாற்றி வழங்குதலே நேர்மை என்பது. குற்றம் கூறப்படும் தொடரில் ‘நாங்கள்’. இடர் கூறப்படும் தொடரில் ‘நாம்’. மூலத்தில் இல்லாத வேறுபாட்டை இது புகுத்துகிறது என்னும் தடை எழலாம். மூலத்தில் அது இல்லை என்பதனினும் மூலமொழியில் அதற்கு வடிவம் இல்லை என்பதே பொருத்தம். வெல்ஸ் தம் நாட்டு வாசகரை எண்ணி எழுதினார். அவருக்கு அச்சொல்லால் இடர்ப்பாடு இல்லை. மொழிபெயர்ப்பில் கேட்போர் மாறிவிட்டனர். கேட்போரைப் பொறுத்து வடிவம் மாறும் ஒரு சொல்லை, கேட்போர் மாறிய பின்னும் மாற்றாது வைத்திருப்பதே மூலத்திற்கு இழைக்கும் பிழையாகும்.

பாலும் திணையும்

அர்சுலா லெ குவினின் ‘இருளின் இடக்கை’ (1969) நம் வினாவுக்கு மிகச் செழுமையான நூல். ஆசிரியரின் தந்தை ஆல்ஃபிரட் குரோபர் புகழ்பெற்ற மானிடவியலர். அயற்பண்பாட்டை எவர் எங்கிருந்து காண்கிறார் என்னும் கவலை இப்புதினத்தின் கட்டமைப்பிலேயே உள்ளது. பூவுலகைச் சேர்ந்த ஜென்லி ஆய் என்பவர் எக்யுமென் என்னும் உலகக் கூட்டமைப்பின் தூதராகக் கெத்தென் என்ற பனிக்கோளுக்குச் செல்கிறார். அங்குள்ளோருக்கு நிலையான ஆண்பாலோ பெண்பாலோ இல்லை. திங்களுக்குச் சில நாள்களில் மட்டும் யாரும் எப்பாலாகவும் ஆகலாம். ஆயின் அறிக்கை ஒரு பகுதி. கெத்தெனியரான எஸ்ட்ராவென் எழுதிய நாட்குறிப்பு ஒரு பகுதி. இடையிடையே அந்நாட்டுத் தொன்மங்கள். முன்னர் வந்து சென்ற பெண் ஆய்வாளர் ஒருவரின் களக்குறிப்புகள். எந்த ஒரு நோக்குநிலையும் தனித்து நம்பப்படுவதில்லை.

ஆயினும் எல்லாரும் கெத்தெனியரை ஆங்கில ஆண்பாற் பெயராலேயே சுட்டுகின்றனர். களக்குறிப்பு எழுதிய பெண் அதற்கு ஒரு காரணமும் தருகிறார். கடந்துநிற்கும் கடவுளை ஆண்பாலால் சுட்டுவது போன்றதே இதுவும், அஃது ஒப்புநோக்க வரையறை குறைந்தது என்பது அவர் வாதம். இவ்விடம் தமிழிலக்கணம் கற்றோருக்கு வியப்பளிக்கும். தொல்காப்பியர் கிளவியாக்கத்தில், ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயரையும் தெய்வத்தைக் குறிக்கும் பெயரையும் ஒரே நூற்பாவில் சேர்த்து, இவ்விரண்டிற்கும் தமக்கென ஈறு இல்லை, உயர்திணை ஈறுகளையே இவை ஏற்கும் என்று விதிக்கிறார். இருபாலுக்கும் இடைப்பட்டாரையும் தெய்வத்தையும் ஒரே சிக்கலாகக் கண்டவர் லெ குவினுக்கு மிக முன்பே தமிழில் இருந்திருக்கிறார்.

ஆண்பால் வழக்கைக் குறித்து லெ குவின் பின்னர் மனம் மாறினார். 1976-இல் எழுதிய கட்டுரையில் அதற்காக வாதாடியவர், 1987-இல் அக்கட்டுரைக்குத் தாமே மறுப்புக் குறிப்புகள் எழுதினார். இடையில், கெத்தெனைக் களமாகக் கொண்டு 1969-இல் வெளிவந்த தம் சிறுகதை ஒன்றை 1975-இல் தொகுப்பில் சேர்த்தபோது, கெத்தெனியர் அனைவரையும் பெண்பாலால் சுட்டி, அரசன் போன்ற பட்டங்களை மட்டும் ஆண்பாலாகவே விட்டுவைத்தார்.

தமிழுக்கு ‘அவர்’ இருக்கிறதே, சிக்கல் என்ன என்று கேட்கலாம். ‘அவர்’ பால் காட்டாது, உயர்திணை காட்டும். கெத்தெனியருக்கென்றே வாய்த்த சொல் போலத் தோன்றும். ஆனால் அது மதிப்பையும் உடன் கொணர்கிறது. தொடக்கத்தில் ஜென்லி ஆய் எஸ்ட்ராவெனை நம்பவில்லை. ஐயுறுகிறார், வெறுக்கவும் செய்கிறார். ஓர் ஆடவரின் ஐயம் அது. எஸ்ட்ராவெனிடம் தாம் காணும் பெண்மையை அவரால் பொறுக்க இயலவில்லை. ‘அவர்’ என்ற சொல் இவ்வெறுப்பை நாகரிகப்படுத்திவிடும். அரசரும் அவர், சிறைக்காவலரும் அவர் எனச் சமன்பாடும் நேரும். மறுபுறம், மதிப்பும் முகமும் காத்தலே கெத்தெனியரின் சமூக வாழ்வின் உயிர்நாடி. அதனைக் குறிக்க அவர்கள் மொழியில் தனிச்சொல்லே உண்டு. நீ, நீர், நீங்கள் எனப் படிநிலை கொண்ட தமிழ் இதனை ஆங்கிலத்தினும் நுட்பமாகக் காட்ட வல்லது. உரையாடலில் இவ்வாற்றலைப் பயன்படுத்தி, ஆயின் எடுத்துரைப்பில் முதற்பகுதி முழுவதும் ‘அவன்’ என்றே எழுதி, பனிவெளிப் பயணத்தில் ‘அவர்’ என மாற்றுவது ஒரு வழி. அம்மாற்றம் எப்பக்கத்தில் நிகழ வேண்டும் என்பதைத் தேர்வதே மொழிபெயர்ப்பாளரின் திறனாய்வு ஆகும்.

தெலுங்கில் சிக்கல் வேறு. ஒருமையில் ஆண்பால் ஒருபுறம், பெண்பாலும் அஃறிணையும் மறுபுறம். ‘ஆமெ வச்சிந்தி’ என்றால் அவள் வந்தாள், ‘அதி வச்சிந்தி’ என்றால் அது வந்தது, வினைமுற்று ஒன்றே. பன்மையிலோ பிரிவு இடம் மாறுகிறது: மாந்தர் எல்லாம் ‘வச்சாரு’, ஏனையவை ‘வச்சாயி’. தெலுங்கு மொழிபெயர்ப்பாளர் ஆண்பாலை விலக்கினால் வினைமுற்றில் கெத்தெனியர் பொருள்களோடு சேர்வர். பன்மையில், அல்லது மதிப்புப் பன்மையில், மீண்டும் மாந்தராவர். ஆன் லெக்கியின் ‘துணைநீதி’ (2013) புதினத்தில் எல்லாரும் பெண்பாலாகவே சுட்டப்படுகின்றனர்; கூறுபவரோ முன்னர் ஒரு விண்கலத்தின் அறிவாக இருந்தவர். பெண்ணுக்கும் கலத்துக்கும் ஒரே முற்று கொண்ட தெலுங்கு அதற்கு அமைந்த மொழி என்று கூறத் தோன்றுகிறது.

பனிவெளிப் பயணத்துக்கு மீள்வோம். சிறையிலிருந்து ஆயை மீட்ட எஸ்ட்ராவென், அவருடன் ஒரே கூடாரத்தில் தங்கிப் பனிப்பாளத்தைக் கடக்கிறார். நூலின் தொடக்கத்தில் ஆய் கெத்தெனியரிடம் பேசும்போது வரும் தன்மைப் பன்மை எக்யுமெனைக் குறிப்பது; தமிழில் அது ‘நாங்கள்’. கூடாரத்துக்குள் இருவரும் பேசிக்கொள்கையில் அது ‘நாம்’. அதே பயணத்தை ஆய் தம் அறிக்கையில் எழுதும்போது மீண்டும் ‘நாங்கள்’. ஆனால் இப்போது உள்ளே இருப்பவர் எஸ்ட்ராவென். வெளியே நிற்பவர்கள் அறிக்கையைப் படிக்கும் சொந்த உலகினர், அஃதாவது நாம். வேற்றுலகினருடன் சேர்ந்து வாசகரை விலக்கும் இந்த ‘நாங்கள்’தான் இப்புதினத்தின் உச்சம் என்பேன். ஆங்கில மூலத்தில் இம்மூன்றும் ஒரே சொல். தமிழாக்கம் எங்கும் ‘நாம்’ என்று எழுதிச் சென்றால் வாசகர் தாமும் அக்கூடாரத்தில் இருந்ததாக எண்ணிக்கொள்வார். கதை கூறுவது அதுவன்று.

திமலாவும் காலமும்

அயற்பண்பாடு வேறு கோளில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சுஜாதாவின் ‘திமலா’ என்னும் அறிவியல் சிறுகதை வருங்காலத்துத் திருமலையைப் பற்றியது. திருமலை என்னும் பெயர் தேய்ந்து திமலா ஆகியுள்ளது. அவ்வுலகின் மாந்தருக்கு அஃது இயல்பான ஊர்ப்பெயர். வாசகருக்கோ முதலில் அயலானது, பிறகு மிக அணுக்கமானது. வேறெந்த வருணனையும் செய்ய இயலாததை ஒலித்தேய்வு செய்துவிடுகிறது. இக்கதையைத் தெலுங்கில் பெயர்ப்போர் சற்று இடர்ப்படக் கூடும். தெலுங்கில் ஊரின் பெயர் முன்னரே ‘திருமல’ ஆதலின் திமலா மிக அருகில் வந்துவிடும். வாசகர் விரைவில் கண்டுகொள்வார்.

டெட் சியாங்கின் ‘உன் வாழ்வின் கதை’ (1998) குறும்புதினம் எனினும் மொழியியலர் விட்டுவிட இயலாதது. வேற்றுலகினரின் எழுத்துமொழியைக் கற்கும் மொழியியலர் லூயிஸ் பேங்க்ஸ், காலத்தை முன்பின்னற்ற ஒரே பரப்பாகக் காணத் தொடங்கி, தம் மகளை முன்னிலைப்படுத்தி அவள் வாழ்வை எதிர்காலத்தில் கூறுகிறார். ஆங்கிலத்தில் நினைவும் எதிர்காலமும் மோதுவதால் வாசகர் திகைக்கிறார். தமிழின் எதிர்கால முற்று இறந்தகால வழக்கத்தையும் குறிக்கும். ‘அப்போதெல்லாம் நீ ஓடி வருவாய்’ என்பது நினைவு. ‘நாளை நீ ஓடி வருவாய்’ என்பது எதிர்வு. காலச் சொல்லை நீக்கிவிட்டால் இரண்டும் ஒன்றே. வேற்றுலகினரிடம் கற்க வேண்டியிருந்த காலநோக்கு தமிழ் முற்றிலேயே ஓரளவு அமைந்திருக்கிறது. இதனால் ஆதாயம் மட்டுமன்று, இழப்பும் உண்டு: தமிழ் வாசகர் திகைக்கமாட்டார். தெலுங்கில் வழக்க இறந்தகாலத்துக்கு ‘வச்சேதானிவி’, எதிர்காலத்துக்கு ‘வஸ்தாவு’ எனத் தனித்தனி வடிவங்கள் இருத்தலின், திகைப்பு அங்கே பிழைக்கும்.

விருந்து

ஸ்டானிஸ்வாஃப் லெமின் ‘சோலாரிஸ்’ (1961) போலிஷ் மொழியில் எழுதப்பட்டது. 1970-இல் வந்த ஆங்கிலப் பதிப்பு பிரெஞ்சு வழியாகப் பெயர்க்கப்பட்டது. லெம் அதில் நிறைவுறவில்லை. மூலத்திலிருந்து நேரே செய்த ஆங்கிலப் பெயர்ப்பு 2011-இல்தான் வந்தது. ஆங்கிலம் வழித் தமிழாக்குவோர் எப்பதிப்பைக் கையாளுகிறோம் என்பதை முதலில் காண்க.

கதையைக் கூறுபவர் கெல்வின். சோலாரிஸ் கோளைச் சூழ்ந்த பெருங்கடலே அங்குள்ள உயிர். அது பேசுவதில்லை, அதன் நோக்கத்தை ஒருவரும் அறியார். கெல்வினின் இறந்துபோன மனைவி ஹாரியின் உருவில் அது ஒன்றை அனுப்புகிறது. முதன்முறை வந்த ஹாரியைக் கெல்வின் ஏமாற்றி விண்கலத்தில் அடைத்து அனுப்பிவிடுகிறார். மீண்டும் ஹாரி தோன்றுகிறாள். இம்முறை அவரால் அது இயலவில்லை. அன்பு செலுத்தத் தொடங்குகிறார். ‘ஹாரி வந்தாள்’ என்பதா, ‘ஹாரி வந்தது’ என்பதா? தெலுங்கில் ‘வச்சிந்தி’ என்று எழுதி இரண்டையும் காக்கலாம். தமிழ் முற்று அவ்விடம் தராது.

பெயரெச்சமும் வினையெச்சமும் திணை காட்டா. எனவே எச்சங்களைத் தொடுத்து முற்றைத் தள்ளிப்போடலாம். அதற்கும் ஓர் எல்லையுண்டு. மற்றொரு வழியைத் தொல்காப்பியரே காட்டுகிறார். குடிமை, அடிமை, குழு, அரசு, மகவு, குழவி முதலிய சில சொற்கள் உயர்திணைப் பொருளனவாயினும் அஃறிணை முடிபே கொள்ளும் என ஒரு பட்டியல் தருகிறார். காதலாலும் சினத்தாலும் வழங்கும் சொற்களும் அதில் அடங்கும். அன்பு மிகுந்தபோதும் வெறுப்பு மிகுந்தபோதும் மனிதர் அஃறிணை ஆவர். திணை என்பது பொருளின் இயல்பு மட்டுமன்று, கூறுவோன் நோக்குநிலையும் ஆகும் என்பதற்கு இப்பட்டியலே இலக்கணச் சான்று. ‘குழந்தை அழுதது’ என்பதில் இகழ்ச்சி இல்லை. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் வரும் ஜீனோ பேசவும் படிக்கவும் வல்லதாயினும் நாயுருவில் இருப்பதால் தமிழ் வாசகர் திணையைப் பற்றி எண்ணாமலே கடந்துவிடலாம். மனித உருவில் வந்த ஹாரி அவ்வாறு கடக்க விடமாட்டாள்.

தொல்காப்பியர் பட்டியலில் ‘விருந்து’ என்னும் சொல்லும் உள்ளது. லெமின் மாந்தர் தங்களிடம் வந்த உருவங்களை விருந்தினர் என்றே குறிக்கின்றனர். விருந்து என்பதன் பழம்பொருள் புதுமை. புதிதாய் வந்தாரை அது குறித்தது. பொருளால் உயர்திணை, முடிபால் அஃறிணை. எனவே முதல் வருகையைத் தமிழில் ‘விருந்து வந்தது’ என்று எழுதலாம். விண்கலம் ஏவப்படும் வரை ‘விருந்து’ என்றே நிறுத்தலாம். இரண்டாம் வருகையிலும் முதல் இரவு முழுதும் அச்சொல் தாங்கும். கெல்வின் ஹாரியை அனுப்ப இயலாது என்று உணரும் பத்தியில் ‘வந்தாள்’ என்னும் முற்று முதன்முறையாக வரட்டும்.